மார்ச் எட்டுக்கு ஒரு வடிகட்டி

இல்ல தம்பி, நான் கேக்கறேன்... மார்ச் எட்டாம் தேதிக்கு, பொம்பளைங்க தினத்துக்கு, எந்த ஊர்லயாவது புருஷன் பொண்டாட்டிக்கு வடிகட்டி வாங்கிக் குடுப்பானா? பாத்திரம் கழுவற மிஷினுக்கு வடிகட்டி! ஃபில்டர்! அதுவும் சிவப்பு ரிப்பன் கட்டி! மூணாவது மாடி லியூபாவுக்கு ட்யூலிப் பூ. எதுத்த வீட்டுக்காரிக்கு செண்டு பாட்டிலு. அஞ்சாவது மாடியில ஒருத்தர் இருக்காரு, எழுபத்தெட்டு வயசு, லிஃப்ட் வேற ரிப்பேரு, அவரு ஒத்த ரோஜாவப் பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுப் படியேறினாரு. என் கண்ணால பாத்தேன். எனக்கு என்ன? ஒரு வட்டப் பெட்டி. வளையல்னு நெனச்சுட்டேன் தம்பி! முப்பத்தஞ்சு வருஷத்துல மொத மொதல்ல ஒரு வளையல்னு நெனச்சு, கைய வேற நீட்டிட்டேன்.

கம்பளத்தப் பாக்காதீங்க, அது மேலயே முட்டி போட்டு மிஷின ரிப்பேர் பாருங்க. நனைஞ்சா நனையட்டும். நேரம் என்ன ஆச்சு? ரெண்டே கால். சரி. நாலு மணிக்கு என் சம்பந்தி ரைகான் வந்துருவா. என் பொண்ணு தொக்ஜானோட மாமியா. நாலுன்னா நாலு. நான் முப்பது வருஷம் ரயில்வே ஸ்டேஷன்ல மைக்குல அறிவிப்பு சொன்னவ, எந்த ரயிலும் அவள மாதிரி நேரத்துக்கு வந்து நான் பாத்ததில்ல. வந்ததும் கோட்டக் கூடக் கழட்டாம கைய நீட்டுவா. 'தொபிக்!'னு கேப்பா. ஒரு கிண்ணம் டீ ஆறறதுக்குள்ள அவ பந்தயம் கட்டிக் குடுத்த அந்த ஆட்டு எலும்ப நான் அவ உள்ளங்கையில வெக்கணும். வெக்கலேன்னா வர்ற சனிக்கிழம அவ சின்னப் பையன் கல்யாணத்துல முந்நூறு பேரு எச்சித் தட்ட நான் கையால கழுவணும். சும்மா இல்ல... புது மருமக மாதிரி தலையில வெள்ளத் துணி கட்டிக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் முழங்கால மடக்கி வணக்கம் வெச்சுக்கிட்டு! எனக்கு அம்பத்தொம்பது வயசு தம்பி. முழங்கால மடக்கினா திரும்ப நிமுத்த ரெண்டு ஆளு வேணும்.

எலும்பு காணோம். மிஷினும் ஓடல. ரெண்டும் ரெண்டு கஷ்டம். ஒரே நாள்ல வந்துருச்சு, அவ்வளவுதான்... என்ன? ரெண்டுக்கும் என்ன சம்பந்தமா? நான் எங்க சம்பந்தம்னு சொன்னேன்? நீங்க மிஷினப் பாருங்க. ஆனா பாக்கும்போது, சும்மா, போற போக்குல, உள்ள எங்கயாவது சின்னதா எலும்பு மாதிரி தட்டுப்பட்டா சொல்லுங்க. அவ்வளவுதான்.

டீய எடுத்துக்கங்க. பாதிக் கிண்ணம்தான் ஊத்திருக்கேன், மரியாதைக்குத்தான், கஞ்சத்தனம்னு நெனச்சுக்காதீங்க. இந்த லியூபா இருக்காளே, இருபது வருஷமா நம்ம அல்மாட்டியில இருக்கா, இன்னும் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊத்தறா! நிறைய ஊத்தினா 'குடிச்சுட்டு நடயக் கட்டு'ன்னு அர்த்தம், வந்தவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து, ஏன் குல்ஷாரா எங்க வீட்டுல மட்டும் யாரும் உக்காரவே மாட்டேங்கறாங்கன்னு மூக்கச் சிந்துவா. நான் சொல்லல. சொன்னா வெக்கப்படுவா, பாவம். அதுவுமில்லாம எல்லாரும் எந்திரிச்சு நேரா எங்க வீட்டுக்குத்தான் வர்றாங்க.

எங்க விட்டேன்... ஆங், ஃபில்டர். மூணு வருஷம் ஆச்சு இந்த மிஷின் வந்து. தொக்ஜான் கல்யாணமாகிப் போகும்போது வாங்கி வெச்சுட்டுப் போனா. 'இனிமே எனக்குப் பதிலா இது கழுவும்மா'ன்னா. கழுவும். ஆனா இத யாரு கழுவறது? அத அவ சொல்லல. நான்தான் புஸ்தகத்தப் படிச்சேன். கீழ்த் தட்ட எடு, அடியில வட்டமா ஒண்ணு இருக்கும், எடது பக்கமாத் திருகு, மேல தூக்கு, உருளை தனியா வரும், சல்லடைத் தட்டு தனியா வரும், வெதுவெதுப்பான தண்ணியில சோப்பப் போட்டு மெத்துனு ஒரு பிரஷ்ஷால தேய், வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு ஓட்டையெல்லாம் தெரியுதான்னு பாரு, திரும்ப வெச்சு வலது பக்கமாத் திருகிப் பூட்டு. வாராவாரம்! ஒரு வாரம் விட்டா நாத்தம். நான் ஒரு வாரம் விட்டதில்ல. பழைய பிரஷ் ஒண்ணு கழுவற தொட்டிக்கிட்ட இருந்துச்சு, நீல நிறம், அதால நல்லாத் தேய்ப்பேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, இந்த மனுஷன் அதுலதான் பல்லுத் தேக்கறாருன்னு... மெதுவாப் பேசுங்க, பால்கனியிலதான் உக்காந்திருக்காரு. இன்னும் அவருக்குத் தெரியாது.

அந்தக் கரண்டி வேணாம், அது கோஜேக் கஞ்சி ஊத்தற கரண்டி... சரி பரவால்ல, எடுத்துட்டீங்க, அதாலயே அள்ளுங்க. ஐயோ, எவ்வளவு தண்ணி! பாத்தீங்களா கலங்கலா? அது அழுக்கில்ல தம்பி, முந்தாநேத்து வெச்ச நவ்ரீஸ் கோஜே, நம்ம புது வருஷத்துக் கஞ்சி. ஏழு சாமான்: கோதும, வாக்கோதும, தின, தயிரு, கறி, உப்பு, தண்ணி. தின இருக்கே தின, அது ஃபில்டர் ஓட்டைக்குன்னே பொறந்தது. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒவ்வொண்ணு போயி, தியேட்டர்ல சீட்டு புடிச்ச மாதிரி உக்காந்துக்கும்.

கறிக்கொழுப்பு அதுக்கு மேல. உங்களுக்குத் தெரியாததா, ஆட்டுக் கொழுப்பு தின்னுட்டுப் பச்சத் தண்ணி குடிச்சா நெஞ்சுல கட்டிக்கும். மனுஷனுக்கே அப்படின்னா மிஷினுக்கு? அதனால பெஷ்பர்மாக் கறித் தட்டு போடற அன்னிக்கெல்லாம் நான் மிஷினுக்கு மொதல்ல ரெண்டு கிண்ணம் சூடா டீ ஊத்திருவேன். பாலு விட்டு இல்ல, கட்டன் டீதான்... ஏன் அப்படிப் பாக்கறீங்க? மூணு வருஷம் ஒரு கோளாறு வந்ததா? உங்கள ஒரு தடவ கூப்பிட்டேனா? அப்ப!

இந்த ரொட்டித் துணுக்குதான் பெரிய சங்கடம். ஃபில்டர்ல கைப்பிடி துணுக்கு சேரும். ரொட்டியக் குப்பையில போடறது பாவம், எங்கம்மா செத்தாலும் போட மாட்டா, நானும் போட மாட்டேன். கழுவி எடுத்து ஜன்னல்ல புறாவுக்கு வெச்சேன். கழுவித்தான் வெச்சேன் தம்பி, சத்தியமா. ஆனா அந்த மிஷின் சோப்பு லேசுல போகாது போலருக்கு. ஒரு நாள் பாக்கறேன், ஜன்னல்ல ஒரு புறா நின்னுக்கிட்டு 'குர்ர்ர்'ங்குது, மூக்குலேருந்து ஒரு நுரைக் குமிழி! இவ்வளவு பெருசு! வெயில்ல ஏழு நெறம்! புறாவே அதப் பாத்துப் பயந்து பறந்துருச்சு. கீழ விளையாடற பசங்க கை தட்டினாங்க. அன்னிலேருந்து மூணு தடவ அலசறேன்.

என்ன, கெடச்சுதா? ...ஓ, ஸ்பூனு. எங்க ஸ்பூனே இல்ல அது. லியூபாவோடது. கொண்டாங்க... நான் எதுவும் சொல்லப் போறதில்ல.

தொபிக் தெரியும்ல உங்களுக்கு? எந்த ஊரு நீங்க? கரகாண்டாவா... சுரங்க ஊரு. அப்ப உங்க அப்பா தலைமுறைக்குத் தெரிஞ்சிருக்கும். ஆட்டோட பின்னங்கால் மூட்டுல ஒரு சின்ன எலும்பு, கொட்டப்பாக்கு அளவு. ஒருத்தி இன்னொருத்திக்குக் குடுப்பா. வாங்கினவ அதப் பத்திரமா வெச்சுக்கணும். குடுத்தவ எந்த நேரம் 'தொபிக்'னு கேட்டாலும் எடுத்துக் காட்டணும். காட்ட முடியலேன்னா பேசின பந்தயத்தக் கட்டணும். அந்தக் காலத்துல குதிரையக் கட்டினாங்க, ஒட்டகத்தக் கட்டினாங்க. போன நவ்ரீஸுக்கு இதே மேஜையில ரைகான் அந்த எலும்ப சப்பிட்டு, தொடச்சு, எங்கிட்ட நீட்டினா. 'சம்பந்தி, ஒரு வருஷம் வெச்சுக்க முடியுமா உங்களால?'ன்னா. வீட்டு ஆளுங்க மொத்தமும் பாக்கறாங்க. 'உங்களால'ங்கற எடத்துல ஒரு அழுத்தம் குடுத்தா பாருங்க, அந்த அழுத்தத்துக்குத்தான் வாங்கினேன். இன்னிக்குப் பொழுது சாயறதோட ஒரு வருஷம் முடியுது. அதுவரைக்கும் காப்பாத்திட்டா நான் ஜெயிச்சேன், மே மாசம் இந்த மனுஷனோட அறுபதாவது பொறந்தநாள் விருந்துல அவ கழுவுவா. மிஷின் பக்கத்துலயே நிக்க வெச்சுக் கழுவ விடுவேன். மிஷினத் தொட விட மாட்டேன்.

அவ கேட்ட எடங்களக் கேளுங்களேன்! பல் டாக்டர்கிட்ட நான் வாயத் தொறந்துக்கிட்டு இருக்கேன், கதவத் தள்ளிக்கிட்டு வந்து 'தொபிக்!'ங்கறா. உள்பாவாடப் பையிலேருந்து எடுத்துக் காட்டினேன். டாக்டர் அதப் பல்லுன்னு நெனச்சு பயந்துட்டாரு. அப்பறம் நீராவிக் குளியல் வீட்டுல. அங்க என்ன பையி இருக்கு, என்ன பாவாட இருக்கு? உடம்புல ஒரு நூலு இல்ல, இவ ஆவிக்குள்ளேருந்து வந்து நிக்கறா, இடுப்புல கை வெச்சுக்கிட்டு, 'தொபிக்!' நான் என்ன பண்ணேன் தெரியுமா? கொண்டயிலேருந்து எடுத்தேன்! அவ மூஞ்சி போன போக்கு இருக்கே... அதுக்கப்பறம்தான் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். இனிமே வீட்டுல வெச்சு மட்டும் கேக்கறது, ஒரு கிண்ணம் டீ ஆறறதுக்குள்ள காட்டறது. ஆனா ஒண்ணு, திருடினா தப்பில்ல. களவும் ஆட்டத்துல சேத்தி.

அங்கதான் புடிச்சுது சனியன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வர ஆரம்பிச்சுட்டா. 'சம்பந்தி, நான் மாவு பெசஞ்சு தரேன்'ங்கறா. மாவு டப்பாவுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவறா! நல்லவேள, அதுக்கு முந்துன நாள்தான் அங்கேருந்து மாத்தினேன். பியானோக்குள்ள வெச்சேன், ஒரு கட்டைய அமுக்கினா 'டொக்'குங்குது, அவ காது பாம்புக் காது. அப்பறம் இந்த மனுஷனோட குளிர்கால பூட்ஸுல, முனையில போட்டேன். சொல்லல. சொன்னா அவரு மூஞ்சியப் பாத்தே ரைகான் கண்டுபுடிச்சுருவா. ரெண்டு வாரம் நொண்டி நொண்டி நடந்தாரு மனுஷன். டாக்டர்கிட்டப் போனாரு, களிம்பு குடுத்தாங்க, ராத்திரியில வெளக்கெண்ணெய் போட்டு நான்தான் நீவி விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லா நீவி விட்டேன். ஆனா பூட்ஸப் பத்தி வாயத் தொறக்கல.

அப்பறம் எங்க வெச்சேனா? ...அத அப்பறம் சொல்றேன். முக்கியமில்ல. மொதல்ல அந்த ஃபில்டரக் கழட்டுங்க. பாத்தீங்களா, புதுசு! தொப்பி மாதிரி மேல வெச்சிருக்காரு, பூட்டவே இல்ல! எடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், முப்பத்தெட்டு வருஷம் பாலம் கட்டற எஞ்சினியர். அந்தப் பாலத்துலல்லாம் நான் போறதில்ல.

நேத்து என்ன நடந்துச்சுன்னா... நவ்ரீஸுக்கு முந்துன நாளு வீட்டச் சுத்தம் பண்ணணும்ல, நான் தயிர் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பாக்கறேன், இவரு சமயக்கட்டுல கண்ணாடி போட்டுக்கிட்டு, தரையில பேப்பர விரிச்சு, ஆபரேசன் முடிச்ச டாக்டர் மாதிரி நிக்கறாரு. 'குல்ஷாரா, ஃபில்டர் மாத்திட்டேன்'ங்கறாரு. அவரு வருஷத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவாரு, இந்த வருஷத்துக்கு அதுதான். சொல்லிட்டு, பாராட்டுவேன்னு நிக்கறாரு. எனக்குத் தயிர்ச் சட்டி கையிலேருந்து நழுவிருச்சு. 'பழசு எங்க?'ன்னேன். 'குப்பையில'ன்னாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன் தம்பி. நேத்துலேருந்து நிறுத்தாமத் திட்டறேன். கொட்டறதுக்கு முன்னாடி உள்ள பாக்கத் தெரியாதா? கண்ணு எதுக்கு இருக்கு? முப்பத்தஞ்சு வருஷமா என் எலும்ப நோவடிச்சது போதாதுன்னு இருக்கற ஒத்த எலும்பயும் தொலைச்சுட்டாரேன்னு. அவரு 'என்ன எலும்பு?'ன்னாரு. பாருங்க, 'என்ன எலும்பு'வாம்! அந்த ரெண்டு வார்த்தையோட போயி பால்கனியில உக்காந்தவருதான். அடுத்த வருஷத்துக் கணக்கையும் சேத்துப் பேசிட்டாரு.

காலையில விடிஞ்சதும் கீழ முத்தத்துல குப்பைத் தொட்டிக்குப் போனேன். பண்டிக நாளு, வெல்வெட் கவுனு போட்டுட்டேன், அதோட தொட்டிக்குள்ள பாதி உடம்பு. பழைய ஃபில்டர் கெடச்சுது! நாலாவது தொட்டியில! திறந்து பாக்கறேன்... காலி. பக்கத்துக் கட்டடத்துப் பொம்பள ஒருத்தி வந்து நின்னா. என்னயப் பாத்து, 'நவ்ரீஸ் வாழ்த்துக்கள், அக்கா'ன்னு சொல்லி ஒரு பை பொரிச்ச பவுர்சாக்கு ரொட்டியக் கையில வெச்சுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போறா! பிச்சக்காரின்னு நெனச்சுட்டா! அந்த பவுர்சாக்குதான் இது, எடுத்துக்கங்க, நல்லாத்தான் பண்ணிருக்கா. கொஞ்சம் சர்க்கர கூட.

என்ன? ...திரும்பவும் அதே கேள்வி! ஃபில்டருக்குள்ள எதுக்கு எலும்பத் தேடினேன்னா... எலும்பு எப்படி ஃபில்டருக்குள்ள வரும்னா... வரும் தம்பி. கறி திங்கற வீடு. தட்டுல ஒட்டிக்கிட்டு வரும். ஏன், வரக் கூடாதா? ...நீங்க ஏன் கரண்டியக் கீழ வெச்சுட்டு என்னயே பாக்கறீங்க? நேரம் ஆகுதுல்ல? மூணே முக்கால் ஆகுது!

...சரி. சரி! நான்தான் வெச்சேன். போதுமா?

நானே என் கையால, அக்டோபர் மாசம், பழைய ஃபில்டரோட அந்த உருளைக்குள்ள போட்டு வெச்சேன். நல்லா யோசிச்சுப் பாருங்க, இந்த உலகத்துல யாரு கை வெக்காத எடம் எது? பூட்ஸுல கால் போகும். மாவுல கை போகும். மிஷினோட ஃபில்டர எவன் தொடுவான்? நாத்தம் புடிச்ச எடம்! புருஷன் தொட மாட்டாரு, பொண்ணு வந்தா தொட மாட்டா, மருமகன் திரும்பியே பாக்க மாட்டான். ரைகானே ஒரு நாள் மிஷினத் தொறந்து, மேல் தட்டப் பாத்தா, கீழ்த் தட்டப் பாத்தா, ஃபில்டர் மூடியப் பாத்தா, மூக்கப் புடிச்சுக்கிட்டு மூடிட்டா! எனக்குச் சிரிப்புத் தாங்கல, குளியல் ரூமுக்குள்ள போயி துண்டக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். வாராவாரம் கழட்டறேன், எலும்பையும் சேத்துக் கழுவறேன், திரும்ப வெக்கறேன். இந்த வீட்டுலயே சுத்தமான எலும்பு அதுதான்.

ஆனா ஒண்ணு... வாய் சும்மா இருக்கணும்ல. எலும்பு உள்ள இருக்கும்போதே, பழக்க தோஷம், அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன். 'ஒரு நாளாவது இந்த ஃபில்டரத் தொட்டிருக்கீங்களா? கை அழுகிருமா? பாலம் கட்டத் தெரியுது, ஒரு வடிகட்டியக் கழுவத் தெரியல?' மூணு வருஷம் தம்பி, நாளொண்ணுக்கு ரெண்டு தடவ. அவரு காதுல விழுதுன்னு நான் நெனக்கவே இல்ல! ஸ்டேஷன்ல முப்பது வருஷம் பேசினேன், ஒருத்தன் திரும்பிப் பதில் சொன்னதில்ல, அந்தப் பழக்கம். பாவி மனுஷன் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. மூணு வருஷம் கேட்டுட்டு, கடைகடையா ஏறி எறங்கி, மிஷின் நம்பர எழுதி எடுத்துட்டுப் போயி, சரியான ஃபில்டர வாங்கி, ரிப்பன் கட்டி... நான் அத மேஜையில விட்டெறிஞ்சேன். 'நீங்கதான வாங்கினீங்க, நீங்களே மாட்டுங்க!'ன்னு சொன்னேன். என் வாயால நானே சொன்னேன். கோவத்துல எலும்பே மறந்து போச்சு எனக்கு. ரெண்டு வாரம் கழிச்சு, சொன்ன மாதிரியே மாட்டிட்டாரு. அவரு மேல என்ன தப்பு இருக்கு? ஒண்ணுமில்ல. அத நான் இப்ப உங்ககிட்டத்தான் சொல்றேன், பால்கனிப் பக்கம் கேட்டுரப் போகுது.

அவரு கழட்டும்போது கவுந்து, எலும்பு அந்தக் குழிக்குள்ள விழுந்திருக்கணும். பாக்காம மேல புதுச மாட்டி, மிஷினப் போட்டுட்டாரு. அதான் 'கிர்ர்ர்... கடகட... பொத்'துனு நின்னுச்சு. இல்லேன்னா அது குப்பையோட லாரியில ஏறிப் போயிருச்சு. ரெண்டுல ஒண்ணு. உள்ள கை விடுங்க தம்பி, இன்னும் ஆழமா. அந்தக் குட்டி மூடியக் கழட்டணுமா? கழட்டுங்க. கையில தட்டுப்படுதா? கெடச்சா நான் என்ன சொல்வேன்னு தெரியுமா அவகிட்ட? ஒரு வருஷமா எழுதித் திருத்தி வெச்சிருக்கேன். என் ஸ்டேஷன் குரல்ல சொல்வேன். கேளுங்க: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தொபிக் எலும்பு, முதலாவது நடைமேடைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துள்ளது. சம்பந்தி ரைகான் அவர்கள், தங்கள் திமிர் மற்றும் உடைமைகளை எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் பகுதிக்கு உடனடியாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!' எப்படி? இத ரெண்டு தடவ சொல்வேன். ஒரு தடவ நம்ம மொழியில, ஒரு தடவ ரஷ்யன்ல. இதுக்காகவே உசுரோட இருக்கேன் தம்பி.

பொய் சொல்வானேன், இந்த ஆட்டம் இல்லேன்னா அவ வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்திருக்கவும் மாட்டா. பொண்ணும் போயாச்சு, இவரும் பேச மாட்டாரு. அவ ஒருத்திதான் நான் ஒண்ணு சொன்னா நாலு சொல்வா. அது வேற விஷயம். ஜெயிச்சுட்டு அடுத்த எலும்ப நான் அவளுக்குக் குடுப்பேன்... அவ எங்க ஒளிச்சு வெக்கறான்னு பாத்துடறேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? என்ன? ...என்ன தம்பி, கைய மூடிக்கிட்டு வெளிய எடுக்கறீங்க? தொறங்க. தொறங்க கைய!

ஐயோ! அதேதான்! என் கண்ணே! என் தங்கமே! ஓரத்துல அந்த மச்சம் மாதிரி கறுப்புப் புள்ளி, அதேதான்! பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு! பம்புல சுத்தி சுத்தித் தேய்ச்சு விட்டிருக்கு! ஒரு கீறல் இல்ல! குடுங்க... ஏன் குடுக்க மாட்டேங்கறீங்க? என்ன சொன்னீங்க? ...'சுயின்ஷி'யா? ஆமா ஆமா, நல்ல சேதி கொண்டு வந்தவங்களுக்குக் கேட்டதக் குடுக்கணும். கரகாண்டாக்காரரா இருந்தாலும் மொறை தெரிஞ்சிருக்கு! கேளுங்க தம்பி, என்ன வேணும்? கூலி தனி, இது தனி. என்ன கேட்டாலும் குடுப்பேன், இந்த ரொட்டி மேல சத்தியம். குதிரக்கறி இருக்கு, குளிர்காலத்துக்கு வெச்சது, முழுசாத் தரேன். இல்ல இந்தக் கம்பளமா? பியானோவா? கேளுங்க!

...என்னது?

சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க.

...நீங்க வேலைய முடிச்சுக் கெளம்பற வரைக்கும்... நானு... ஒரு வார்த்த கூட...?

வெளையாடறீங்களா தம்பி? ...இல்லயா. எவ்வளவு நேரம் ஆகும் வேல முடிய? அர மணி நேரமா! நாலு ஆக ரெண்டு நிமிஷம் இருக்கு! அவ வந்து கை நீட்டும்போது நான் எப்படி... என் அறிவிப்பு! ஒரு வருஷம் தம்பி! கம்பளத்த எடுத்துக்கங்க. வேணாமா? பியானோ? ரெண்டு வார்த்தைக்காவது விட்டுக் குடுங்க... 'பயணிகளின் கனிவான' வரைக்கும்? ஒரே ஒரு வார்த்த? நீங்களாவது எனக்குப் பதிலா சொல்வீங்களா? அப்ப அதுவும் மாட்டீங்க.

ரொட்டி மேல சத்தியம் பண்ணிட்டேனே. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

சரி. குடுங்க எலும்ப. சுயின்ஷின்னா சுயின்ஷிதான், எங்க வம்சத்துல யாரும் வாக்கு மாறினதில்ல. ஒரு விதத்துல நல்லதுதான், பால்கனிக்காரருகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும், இப்ப கேக்க முடியாது, நீங்களே சாட்சி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், டீ ஊத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லல. வாயால சொல்ல முடியலேன்னா என்ன, எலும்ப அவ கையில வெச்சுட்டு, அவ கிண்ணத்துல டீய ஊத்துவேன் பாருங்க... விளிம்பு வரைக்கும்! தளும்பத் தளும்ப! நாலு சொட்டு அவ பாவாடையில விழற மாதிரி! அப்பத் தெரியும் அவளுக்கு. அந்தப் பெரிய கிண்ணத்த எடுக்கறேன். லியூபா குடுத்த கிண்ணம்...

மணி அடிக்குது. அவதான். மூணு தடவ அடிக்கறா பாருங்க, திமிரு. சரி தம்பி. இந்த நிமிஷத்துலேருந்து. பூட்டிட்டேன். வலது பக்கமாத் திருகிப் பூட்டிட்டேன்.

...

ம்.

...

ரைகான்! இதோ வந்துட்... ம்ம்ம்.